மணாலி போற புதுமாப்பிள்ளைகளே, அந்த ஸ்கூட்டிய எடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீயை எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன ஒரு வாரத்துல ஒரே ரீல்ஸை எனக்கு நாலு பேர் அனுப்பிட்டாங்க. சுத்தி வெள்ளை வெளேர்னு மலை. நடுவுல ரோடு, அதுவும் வெள்ளை. ஒரு 110 சிசி ஸ்கூட்டர்ல புதுசா கல்யாணம் ஆன ஜோடி. அவர் ஒரு கையால ஓட்டுறார், இன்னொரு கையில செல்ஃபி ஸ்டிக். பின்னாடி அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பின்னணியில ஒரு காதல் பாட்டு. கீழ ஆயிரக்கணக்குல ஹார்ட்டு. "பக்கெட் லிஸ்ட்", "கெத்து", "நம்மாளு எங்க போனாலும் ஸ்கூட்டிதான்"னு கமெண்ட்டு.

அனுப்பின நாலு பேர்ல ரெண்டு பேருக்கு வர்ற தை மாசம் கல்யாணம். அதனாலதான் இந்த இழை.

எனக்கு இதுல பேச என்ன தகுதின்னு கேட்பீங்க. இப்போ தமிழ்நாட்டுல அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி மேற்படிப்புக்காக ஹிமாச்சல்ல மூணு வருஷம், அதாவது மூணு பனிக்காலம், ஒரு மருத்துவமனையில நைட் டூட்டி பார்த்தவன். டிசம்பர் கடைசி வாரத்துல இருந்து பிப்ரவரி முடியற வரைக்கும் எங்க பிரிவுல ராத்திரி எட்டு மணிக்கு மேல வர்றதுல பாதி எலும்பு முறிவுதான். சமையல்கட்டுல இருந்து பால் வாங்கப் போய் வழுக்கி விழுந்த உள்ளூர் பாட்டிகள் ஒரு பக்கம். வாடகை ஸ்கூட்டரோட வந்த டூரிஸ்ட்டுகள் இன்னொரு பக்கம். பாட்டிகளுக்கு வேற வழி இல்ல. உங்களுக்கு இருக்கு.

முதல்ல ஒரு சின்ன தமிழ் விஷயம். நம்ம மொழியில பனின்னா மார்கழி மாசம் கோலம் போடும்போது தலையில விழறதும் பனி. ஊட்டியில ஜனவரி காலையில புல்லு மேல வெள்ளையா உட்கார்ந்திருக்கிறதும் பனி. மணாலியில முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறதும் பனி. எல்லாத்துக்கும் ஒரே சொல். பனியே பழக்கம் இல்லாத நாடு, அப்படித்தான் இருக்கும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா "பனியில வண்டி ஓட்டினேன்"னு ஒருத்தர் சொன்னா நம்ம மனசு கொடைக்கானல் ரோட்டையும் மஞ்சள் லைட்டையும் மங்கலான வளைவையும்தான் நினைக்குது. மெதுவா போனா போதும்னு நினைக்குது. அங்க இருக்கிறது அது இல்ல.

அங்க உங்களைத் தள்ளி விடறது போட்டோவில அழகா தெரியற வெள்ளைப் பனி கூட இல்ல. புதுசா விழுந்த பனியில டயர் கொஞ்சமாவது கடிக்கும். பகல்ல வெயில் பட்டு ஓரத்துல இருக்கிற பனி உருகி ரோடு மேல தண்ணியா ஓடும். மூணு, மூணரை மணிக்கு மலை நிழல் விழுந்ததும் அதே தண்ணி ஒரு தாள் கனத்துக்கு உறைஞ்சிடும். கறுப்பா, தார் நிறத்துலயே இருக்கும். ஈரமான ரோடுன்னு நினைப்பீங்க. பிளாக் ஐஸ்னு அதைத்தான் சொல்றோம். கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது நீங்க தரையில இருப்பீங்க.

இப்போ ஒரு கதை. ஆள் அடையாளம் தெரியாதபடி ஊரையும் வயசையும் மாத்திட்டேன். மத்தது அப்படியே.

கொங்குப் பக்கத்துப் பையன், 27 வயசு. பொண்ணுக்கு 23. கல்யாணம் ஆகி பன்னிரண்டாவது நாள். மணாலியில ஓட்டல்காரர் சிஸ்சு போக டாக்ஸிக்கு ஒரு ரேட் சொல்லியிருக்கார். ஸ்கூட்டருக்கு அதுல கால்வாசி கூட இல்ல. பையன் ஊர்ல பத்து வருஷமா ஸ்கூட்டர் ஓட்டறவன். "நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தானே, நாம பார்க்காத ரோடா"ன்னு எடுத்துட்டான்.

போகும்போது ஒண்ணும் ஆகல. இதைக் கவனிங்க. போகும்போது ஒண்ணும் ஆகாது. பதினோரு மணிக்கு வெயில் இருக்கும், ரோட்டை வாரி விட்டிருப்பாங்க, முன்னாடி பத்து வண்டி போயிருக்கும். ரீல்ஸ் எல்லாம் போகும்போது எடுக்கிறதுதான். திரும்பி வர்றதை யாரும் எடுக்கிறதில்ல.

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு சுரங்கப் பாதையைத் தாண்டி மணாலி பக்கம் இறங்கியிருக்காங்க. உள்ளே ஒன்பது கிலோமீட்டர் காய்ஞ்ச ரோடு, நல்ல வெளிச்சம். வெளியே வந்து கொஞ்ச தூரத்துல ஒரு வளைவு. வேகம் இருபத்தஞ்சுதான் இருக்கும்னு சொன்னான், நான் நம்பறேன். பிரேக்கைத் தொட்டிருக்கான், அவ்வளவுதான். வண்டி இடது பக்கம் படுத்துடுச்சு. பொண்ணோட இடது கால் வண்டிக்கு அடியில. முழங்கால் மூட்டைத் தாங்குற எலும்போட மேல்தட்டு நொறுங்கிப் போச்சு. பொண்ணால கால அசைக்க முடியல. ரெண்டு கார் நிக்காம போயிருக்கு. காருக்கும் அங்க நிறுத்த முடியாது, அதையும் சொல்லணும். கடைசியில ஒரு லாரிக்காரர் கொஞ்சம் கீழ போய் நிறுத்திட்டு நடந்து வந்து தூக்கியிருக்கார். எங்ககிட்ட வரும்போது மணி எட்டேகால்.

முட்டி எலும்பை நான் எதிர்பார்த்தேன். வலது காலைப் பார்த்தப்போதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அந்தப் பொண்ணு போட்டிருந்தது சாதாரண கேன்வாஸ் ஷூ. சிஸ்சுல பனியில விளையாடினதுல நனைஞ்சு, வர்ற வழியில காத்துல உறைஞ்சு, அப்புறம் ரெண்டு மணி நேரம் ரோட்டோரம். விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையா, தொட்டா உணர்ச்சி இல்லாம இருந்துச்சு. ரெண்டாவது விரல்ல மெட்டி. பன்னிரண்டு நாள் முன்னாடி போட்ட மெட்டி.

உறைஞ்ச விரலைச் சூடாக்கினா வீங்கும். கண்டிப்பா வீங்கும். விரல்ல வளையம் இருந்தா அந்த வீக்கமே ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். அதனால மெட்டி, மோதிரம், வளையல் எதுவா இருந்தாலும் முதல் வேலையா கழட்டணும். இது கழண்டு வரல. மோதிரம் வெட்டுற கருவி எடுத்துட்டு வந்தேன். அதுவரைக்கும் வலிக்குக் கூட சத்தம் போடாத பொண்ணு, "சார், அதை மட்டும் வெட்டாதீங்க சார், எங்க மாமியார் ஏதாவது நினைப்பாங்க"ன்னு அழ ஆரம்பிச்சுது. பக்கத்துல அந்தப் பையன், தாடை எல்லாம் நடுங்கிக்கிட்டு, "வெட்டுங்க சார், அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்"னான். அந்த ராத்திரி நான் கேட்ட உருப்படியான வார்த்தை அதுதான்.

விரல் பிழைச்சுது. தோல் உரிஞ்சு, கொப்புளம் வந்து, ரெண்டு மாசம் ஆச்சு. முட்டிக்குத் தகடு வெச்சு ஆபரேஷன். மூணு மாசம் கால் ஊனக்கூடாது. டாக்ஸிக்கு மிச்சம் பிடிச்சது எவ்வளவு, இதுக்கு ஆனது எவ்வளவுன்னு கணக்கு நான் போட வேண்டியதில்ல.

"டாக்டர், அவன் ஓட்டத் தெரியாதவன்"னு ஒரு கமெண்ட் வரும். தம்பி, அவன் உன்னை விட நல்லா ஓட்டுறவன். பிரச்சனை ஓட்டுறவன்ல இல்ல, வண்டியில இருக்கு. விளக்கமா சொல்றேன்.

காய்ஞ்ச தார் ரோட்டுல டயரோட பிடிமானத்தை 0.7னு வெச்சுக்கோங்க. அழுத்தி இறுகின பனியில அது 0.2 பக்கம். உறைஞ்ச தண்ணி மேல 0.1, சில நேரம் அதுக்கும் கீழ. முப்பது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி, பிரேக் பிடிச்ச இடத்துல இருந்து காய்ஞ்ச ரோட்டுல 5 மீட்டர்ல நிக்கும். ஐஸ் மேல 35 மீட்டர். நம்ம டவுன் பஸ் மூணை வரிசையா நிறுத்தினா வர்ற தூரம். இது சமதளக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குற சரிவா இருந்தா, 0.1 பிடிமானத்துல பிரேக் எவ்வளவு நேரம் பிடிச்சாலும் வண்டி நிக்கவே நிக்காது. பள்ளிக்கூடத்து இயற்பியல்தான் இது. மலை ரோட்டுல அப்படிப்பட்ட சரிவு எத்தனைன்னு போனவங்களுக்குத் தெரியும்.

இப்போ உங்க ஸ்கூட்டருக்கு வாங்க. சக்கரம் பத்து அங்குலம், மிஞ்சினா பன்னிரண்டு. சின்னக் குழி, உறைஞ்ச சின்ன மேடு எதுவா இருந்தாலும் பெரிய சக்கரம் ஏறிப் போகும், இது மாட்டிக்கும். டயர் நம்ம ஊர் வெயிலுக்குச் செஞ்ச ரப்பர். ஏழு டிகிரிக்குக் கீழ போனாலே இறுகி கட்டையாகும்.

அடுத்தது கியர். கியர் வண்டியா இருந்தா முதல் கியர்ல போட்டு, பிரேக்கைத் தொடாம இன்ஜினை வெச்சே மெதுவா இறக்கலாம். ஸ்கூட்டர்ல அது முடியாது. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைஞ்சதும் உள்ள இருக்கிற கிளட்ச் தானா விட்டுடும். வண்டி சும்மா உருளும். அப்போ உங்ககிட்ட இருக்கிறது பிரேக் மட்டும்தான். அந்த பிரேக்ல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. ஏப்ரல் 2019ல இருந்து 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிகள்ல ஒருங்கிணைந்த பிரேக்காவது ஏபிஎஸ்ஸாவது இருக்கணும்னு சட்டம். கிட்டத்தட்ட எல்லா ஸ்கூட்டர்லயும் முதல் வகைதான். அதாவது இடது கை பிரேக்கைப் பிடிச்சா பின்சக்கரம் மட்டும் இல்ல, முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். நம்ம ஊர் ரோட்டுக்கு உயிர் காக்கிற நல்ல ஏற்பாடு. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனா ஐஸ் மேல முன்சக்கரம் பூட்டினா முடிஞ்சுது. ரெண்டு சக்கர வண்டி நிமிர்ந்து நிக்கிறதே முன்சக்கரத்தை நாம இப்படி அப்படி திருப்பிக்கிட்டே இருக்கிறதாலதான். அது வழுக்கினா அடுத்த அரை நொடியில தரை. "பின் பிரேக்கை மட்டும் லேசா பிடிப்பேன்"னு சொல்றவங்க, உங்க வண்டியில அப்படி ஒரு பிரேக்கே தனியா இல்லாம இருக்கலாம்.

கால ஊனிச் சமாளிக்கலாம்னு அடுத்த யோசனை. நூறு கிலோவுக்கு மேல வண்டி, மேல ரெண்டு பேர். அந்த எடையை ஒத்தக் காலால, அதுவும் வழுக்குற தரையில தாங்கப் பார்த்தா கணுக்கால்தான் முறுக்கி உடையும். இதை நான் எத்தனை தடவை ஸ்கேன்ல பார்த்தேன்னு எண்ணிக்கையே இல்ல.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்? நானும் அந்த முட்டாள்தான். அங்க போன முதல் வருஷம், ஜனவரி, காலை ஆறு மணி. ஹாஸ்டல்ல இருந்து ஆஸ்பத்திரி எண்ணூறு மீட்டர். நடந்தா பத்து நிமிஷம். தூக்கக் கலக்கத்துல சீனியரோட ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போனேன். கேட்டுக்கு முன்னாடி விழுந்தேன். வேகம் பத்து கூட இருக்காது. கையை ஊனினேன். மணிக்கட்டு லேசா வலி, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, அப்படியே டூட்டி பார்த்தேன். பத்து நாள் கழிச்சும் கட்டை விரலுக்கு அடியில இருக்கிற குழியை அழுத்தினா உயிர் போச்சு. மறுபடியும் படம் எடுத்தா ஸ்கேஃபாய்டு எலும்பு முறிஞ்சிருக்கு. முதல் எக்ஸ்ரேல தெரியாம ஏமாத்துறதுல அந்த எலும்பு பேர் போனது. மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கிற விஷயத்தை எனக்கு நானே கோட்டை விட்டேன். ரெண்டரை மாசம் மாவுக்கட்டு. வலது கை. சீனியர் இன்னைக்கு வரைக்கும் போன் பண்ணினா "ஸ்கூட்டி எப்படி இருக்கு"ன்னுதான் ஆரம்பிப்பார்.

குளிர் பத்திப் பேசாம இந்த விஷயம் முடியாது. வெதர் ஆப்ல மைனஸ் 5னு பார்த்துட்டு, "ரெண்டு ஸ்வெட்டர் போதும்"னு கிளம்புவீங்க. நிக்கிறவனுக்குத்தான் அது மைனஸ் 5. முப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுறவன் மேல படுற காத்துக்கு அது மைனஸ் 13 மாதிரி. காருக்குள்ள ஹீட்டர். ஸ்கூட்டர்ல இன்ஜின் சூடு கூட உங்க பக்கம் வராது, அது சீட்டுக்கு அடியில இருக்கு.

விரல் குளிர்ந்தா முதல்ல போறது நுணுக்கமான அசைவு. பிரேக்கை எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாது. கொஞ்சம் பிடிக்கணும்னு நினைச்சா முழுசா பிடிச்சிருப்பீங்க. ஐஸ் மேல அதோட பலன் என்னன்னு மேலேயே சொல்லிட்டேன்.

அப்புறம் உடம்போட உள் வெப்பம். 35 டிகிரிக்குக் கீழ போனா தாழ்வெப்பநிலை. முதல்ல உடம்பு கடகடன்னு நடுங்கும். நடுக்கம் நல்லது, உடம்பு போராடுதுன்னு அர்த்தம். 32 பக்கம் வந்ததும் நடுக்கம் நின்னுடும். "இப்போ பரவாயில்ல, குளிரல"ன்னு சொல்வாங்க. பேச்சு குழறும், தப்புத் தப்பா முடிவெடுப்பாங்க. சில பேர் சூடா இருக்குன்னு ஜாக்கெட்டையே கழட்டுவாங்க. நடுங்கிக்கிட்டு இருந்தவர் சூடு படுத்தாமலே நடுக்கத்தை நிறுத்தினா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. வீட்டுல இருக்கிற பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் இதைக் காட்டவே காட்டாது, அது 35ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

இதுல அடிபட்டிருந்தா கதை இன்னும் மோசம். குளிர்ந்த உடம்புல ரத்தம் சரியா உறையாது. நம்ம ஊர்ல அரை மணியில நின்னு போற ரத்தக்கசிவு அங்க நிக்காது. அதே அடி, அதே எலும்பு, ஆனா ஆள் வேற மாதிரி மோசமாவார். எங்க துறையில இருக்கிறவங்க விபத்துல வந்தவருக்கு ஊசி போடற அதே நேரத்துல கம்பளி தேடுறதுக்குக் காரணம் இதுதான்.

அப்புறம் அந்த குவார்ட்டர் பிராந்தி. "டாக்டர், குளிருக்கு ரெண்டு பெக் போட்டுட்டு ஓட்டினா..." வேண்டாம். சாராயம் தோல்ல இருக்கிற ரத்தக் குழாயை விரிச்சு விடும். தோல் சூடான மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கிற சூடு வெளிய போயிட்டு இருக்கும். குடிச்சிட்டு ஓட்டுறதைப் பத்தித் தனியா சொல்ல வேற வேணுமா?

சரி, எதிர்வாதங்களுக்கு வர்றேன். ரெண்டு மூணு நியாயமானதும் இருக்கு.

"உள்ளூர்க்காரங்க ஓட்டுறாங்களே!" ஓட்டுறாங்க. ஆனா எப்போ ஓட்டுறாங்கன்னு பார்த்திருக்கீங்களா? பதினோரு மணிக்கு மேல எடுத்து, வெயில் இறங்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாங்க. எந்த வளைவுல வெயிலே படாதுன்னு அவங்களுக்கு மனப்பாடம். புதுப் பனி விழுந்த அன்னைக்கு வண்டியை மூடி வெச்சுட்டு நடப்பாங்க. அப்படியும் விழுறாங்க, நான்தான் கட்டுப் போட்டேனே. தவிர, அவங்க ஓட்டுறது பால் ஊத்த, கடை திறக்க. பிழைப்புக்கு எடுக்கிற ரிஸ்க்கையும் ஹார்ட்டுக்கு எடுக்கிற ரிஸ்க்கையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

"வெளிநாட்டுல ஸ்கூட்டர்லயே பனியில போறாங்க!" உண்மைதான். ஜெர்மனியில பவேரியா காட்டுக்குள்ள நடுக்குளிர்ல பைக்கர்கள் கூடுற யானைத் திருவிழா மாதிரி ஒண்ணு உண்டு. பேரே யானைக் கூட்டம்தான், 1956ல ஆரம்பிச்சது. சைடு கார் வெச்ச வண்டி, சங்கிலி சுத்தின டயர், சிலர் சின்ன ஸ்கூட்டர்லயும் வருவாங்க. மாசக்கணக்கா தயார் பண்ணி வர்றவங்க அவங்க. ஜப்பான்ல பனி கொட்டுற ஊர்கள்ல தபால்காரர் சின்ன ஹோண்டா வண்டியில சங்கிலி மாட்டிக்கிட்டுத்தான் கடிதம் கொடுக்கிறார். உங்க வாடகைக் கடைக்காரர்கிட்ட "அண்ணே, இந்த ஸ்கூட்டருக்குச் சங்கிலி இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. அவர் பூட்டுச் சங்கிலியை எடுத்துக் கொடுப்பார்.

வெளிநாட்டு உதாரணம்தான் வேணும்னா நான் ஒண்ணு தர்றேன். ஸ்கூட்டர்னு சொன்னாலே எந்த நாடு? இத்தாலி. 1946ல வெஸ்பாவைப் பெத்துப் போட்ட நாடு. அங்க நவம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மலைப் பக்கம், நெடுஞ்சாலைப் பக்கம் எல்லாம் குளிர்கால டயர் கட்டாயம்னு உத்தரவு போடுவாங்க. ரெண்டு சக்கர வண்டிக்கு என்ன விதி தெரியுமா? ரோட்டுல பனியோ ஐஸோ இருந்தா, இல்ல பனி விழுந்துக்கிட்டு இருந்தா, அந்த ரோடுகள்ல ஓட்டவே கூடாது. சங்கிலி இருக்கா, டயர் எப்படின்னு எந்தப் பேச்சும் இல்ல. ஸ்கூட்டரைக் கொண்டாடுற ஊரே இதுக்கு இது இல்லைன்னு சொல்லிடுச்சு. நாம மட்டும் பாட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

"பணம் இல்ல டாக்டர், டாக்ஸி கட்டுப்படி ஆகல." இது நியாயமான வாதம். இதுக்கு நான் கேலியா பதில் சொல்ல மாட்டேன். மணாலியில சீசன்ல டாக்ஸி ரேட்டு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனா மணாலியில இருந்து அதே சுரங்கம் வழியா கேலாங் பக்கம் ஹிமாச்சல் அரசு பஸ் போகுது. சிஸ்சு அந்த வழியிலதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டுல முதல் நாள் சாயங்காலமே கேட்டு வெச்சுக்கோங்க. பனி அதிகமா விழுந்தா பஸ்ஸும் நிக்கும். பஸ் டிரைவரே போகலன்னா அன்னைக்கு நீங்களும் போகலன்னு எடுத்துக்கோங்க. பஸ்ஸும் பிடிக்கலையா, ஓட்டல்லயே இன்னொரு ஜோடியைப் பிடிச்சு டாக்ஸியைப் பங்கு போடுங்க. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேருக்கு இலை போட்டோமே, அதுல பத்து இலை காசுதான்.

ஏன் இது இப்போ திடீர்னு கூடியிருக்குன்னும் சொல்லணும். முன்னெல்லாம் குளிர்காலத்துல மணாலிக்கு அந்தப் பக்கம் போகவே முடியாது. 3,978 மீட்டர் உயரத்துல ரோத்தங் கணவாய் மாசக்கணக்குல மூடிக் கிடக்கும். அக்டோபர் 3, 2020ல அடல் சுரங்கம் திறந்தாங்க, நீளம் 9.02 கிலோமீட்டர். லாஹவுல் மக்களுக்கு அது உயிர்நாடி. பிரசவ வலி வந்த பொண்ணைக் கீழ கொண்டு வர ஹெலிகாப்டருக்குக் காத்துக் கிடந்த ஊர்கள் அது. அந்தச் சுரங்கத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா அதே பாதை, முன்னாடி எட்டவே முடியாத 3,000 மீட்டர் உயரத்துக் கடும் பனியை வாடகை ஸ்கூட்டருக்கு எட்டற தூரத்துல கொண்டு வந்து வெச்சிருக்கு. ஒரு வாய் வழியா உள்ள போகும்போது வெயில் அடிக்கும். அடுத்த வாய்ல பனி கொட்டும். நடுவுல மலைத்தொடரே இருக்கே, ரெண்டு பக்கமும் ஒரே வானிலை எப்படி இருக்கும்?

பனி பலமா விழற நாள்ல போலீஸ் நேரு குண்டு பக்கமே வண்டிகளை நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை மட்டும் விடறாங்க. நல்ல விஷயம். ஆனா மத்த நாள்ல? பனி விழுந்து ரெண்டு நாள் கழிச்சு, வானம் தெளிஞ்சு, ரோடு "திறந்திருக்கு"ன்னு அறிவிச்ச அன்னைக்குத்தான் எங்களுக்கு அதிகமா ஆள் வந்தது. உருகி உறையற நாள் அதுதான். கார் போகத் திறந்த ரோடு ஸ்கூட்டருக்கும் திறந்ததா அர்த்தம் இல்ல. இத்தாலிக்காரன் மாதிரி ஒரு வரி உத்தரவு போட்டா போதும். ரோட்டுல பனியோ ஐஸோ இருக்கிற நாள்ல ரெண்டு சக்கர வாடகை வண்டி இந்த இடத்துக்கு மேல போகக் கூடாது. வாடகைக் கடைக்காரர் வயித்துல அடிக்கச் சொல்லல. அவருக்கும் குடும்பம் இருக்கு. கோடை முழுக்க அவர் கொடுக்கட்டும், நானே அவர்கிட்ட எடுத்து ஓட்டியிருக்கேன்.

அவர்கிட்ட ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, கோடையிலயும். வாடகைக்கு விடற வண்டின்னா நம்பர் பிளேட் கறுப்பா, எழுத்து மஞ்சளா இருக்கணும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குக் கொடுத்தா அது சொந்த உபயோக வண்டி. ஏதாவது ஆனா காப்பீட்டுக் கம்பெனி கையை விரிக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. ஹெல்மெட் ரெண்டு கேளுங்க. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் சட்டம்தான், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம். 2022ல நம்ம நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. இவங்கள்ல பெரும்பாலானவங்க ஐஸ் இல்லாத ரோட்டுல செத்தவங்க.

இவ்வளவு சொல்லியும் யாரோ ஒருத்தர் போவீங்க. தெரியும். அதனால இதையும் எழுதி வைக்கிறேன். கூட இருக்கிறவங்களுக்காவது உதவும்.

விழுந்தாச்சுன்னா முதல்ல ரோட்டை விட்டு மலைப் பக்கமா ஒதுங்குங்க. பின்னாடி வர்ற காருக்கும் அதே 35 மீட்டர் கணக்குதான், ஆள் பத்து பேர் அளவு எடை கூட. 112க்குப் போன் போடுங்க. ஈரத் துணி, ஈர ஷூ, சாக்ஸைக் கழட்டிக் காய்ஞ்சதுல சுத்துங்க. பனி மேல நேரா உட்கார வைக்காதீங்க, பையையோ ஃப்ளோர் மேட்டையோ கீழ போடுங்க. மோதிரம், மெட்டி உடனே கழட்டுங்க. வெள்ளையா மரத்துப் போன விரலைத் தேய்க்கவே கூடாது. பனியை வெச்சுத் தேய்க்கச் சொல்வாங்க, அது பழைய தப்பு. நெருப்புல காட்டாதீங்க, உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணி, 37ல இருந்து 39 டிகிரி, அடிபடாத இன்னொருத்தர் முழங்கையை விட்டுப் பார்த்து இதமா இருக்கணும், அரை மணி நேரம். ஆனா திரும்பவும் குளிர்ல போய் உறைய வாய்ப்பு இருந்தா ஆஸ்பத்திரி போற வரைக்கும் உருக்காதீங்க. உருகி மறுபடி உறைஞ்ச விரலைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். சூடு ஏற ஏற வலி பயங்கரமா வரும். அது ரத்தம் திரும்புற வலி. அந்தப் பொண்ணு அந்த வலிக்குத்தான் அந்த ராத்திரி முதல் தடவையா கத்துச்சு. நர்ஸ் அக்கா ஒருத்தர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, காலை ஆறு மணி வரைக்கும் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.

மெட்டியை நான் ஒரு சின்ன கவர்ல போட்டுக் கொடுத்தேன். ரெண்டு துண்டு. பையன் அதை பர்ஸுல வெச்சுக்கிட்டான். போன வருஷம் திடீர்னு ஒரு வாட்ஸ்அப், ஊர் ஆசாரி ஒட்ட வெச்ச மெட்டியோட போட்டோ. கீழ ஒரு வரி: "அம்மா ஒண்ணும் சொல்லல சார்."

ரீல்ஸ் அனுப்பின அந்த ரெண்டு தம்பிகளும் இதைப் படிச்சுட்டு இருப்பீங்கன்னு தெரியும். கேலாங் பஸ் காலையிலேயே கிளம்பிடும். ஜன்னலோரம் வேணும்னா சீக்கிரம் போங்க.